வண்டிச் சத்தம்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அறுபதைத் தாண்டியதும் ஊ... என்று ஒரு இரைச்சல் எழுகிறதே, அது டயர் சத்தமாக எனக்குத் தோன்றவில்லை. சக்கரத்து பேரிங் தேய்ந்தால் வேகம் கூடக்கூட இப்படி இரையும். இடப்பக்க வளைவில் சத்தம் கூடினால் வலது சக்கரம் என்று வைத்துக்கொள், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாயும். முன்னா பின்னா என்று ஓட்டுகிறவரால் பிடிக்க முடியாது. மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லி நீ பின் சீட்டில் உட்கார்ந்து கேள். வீடியோவில் அவர் குரலே இல்லை. வேலையாக இருந்திருப்பார்.

அப்புறம் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு. நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் அன்றைக்கு ஓட்டாதே. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலே விளக்கு அணைந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். ஸ்கேனர் மாட்டி என்ன கோளாறு எண் வருகிறது என்று பார்க்கச் சொல், அதை எனக்கு எழுது.

சிவப்பு விளக்கு எது எரிந்தாலும் ஓரங்கட்டி நிறுத்து. எண்ணெய்க் கேன் மாதிரி படம் போட்டது எரிந்தால் இன்ஜினை அந்த நிமிஷமே அணை. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிடும். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு இருந்தால் சந்தேகப்படு. கோளாறை மறைத்து விற்க விளக்கையே பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு.

சொந்தச் சம்பளத்தில் வண்டி வாங்கினாய் என்று டிப்போவில் எல்லாரிடமும் சொன்னேன். நம் வீட்டில் வேறு யார் வாங்கினார்கள்? ஆனால் வாங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வந்து பார்த்திருப்பேன். இத்தனை வருஷம் அதே வேலைதானே செய்தேன்.

பெரியப்பா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் உங்கள் இரண்டு பேரையும் கேட்டார்கள். அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

ராத்திரியில் தனியாக தொப்பூர் இறக்கத்தில் வராதே. லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் இடம் அது. வந்தே ஆக வேண்டுமென்றால் பகலில் வா, இறக்கம் முழுக்க சின்ன கியரிலேயே இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. பேரிங் மாற்றாமல் மட்டும் புறப்படாதே. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல். ஆட்டம் இருந்தால் ஓட்டவே கூடாது. சிவப்பு எரிந்தால் நிறுத்து, மறந்துவிடாதே.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை நான் பஸ் ஏறி வருகிறேன். எதையும் துருவ மாட்டேன் கண்ணு. அம்மாவும் போனில் கேட்க மாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன். வண்டி சரியாகும்வரை இருப்பேன். நீ என்னோடு ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருப்பதானாலும் சரி.

இப்போது நீ தங்கியிருக்கிற இடத்துக்கு பெங்களூரில் சில்க் போர்டில் இறங்க வேண்டுமா, சாந்திநகர் வரை வர வேண்டுமா என்று மட்டும் எழுது.

அப்பா