லிஸ்டுக்குள் ஒளிந்திருந்த ஃபங்ஷன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அப்பன் தொழில் வேண்டாமென்று சிவில் எடுத்தாளே, கெட்டிக்காரி!

எனக்குப் பழைய பாடுதான். பைத்தான் மொழியின் 2-ஆம் பதிப்பில் எழுதின கோட் ஒன்றை 3.6-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் ஏற்ற வாடிக்கையாளர் விடமாட்டேன் என்கிறார். அதில் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனுக்குள் (சதுர அடைப்புக்குள் ஒரே வரியில் லூப் ஓட்டி லிஸ்ட் கட்டுவது) ஈல்ட் (ஃபங்ஷனை நடுவில் நிறுத்தி ஒரு மதிப்பை வெளியே கொடுப்பது) போட்டிருந்தார்கள். 2-ல் ஒழுங்காக ஓடும். 3.6-ல் எரர் எதுவும் காட்டாமல் தப்பாக ஓடியது. லிஸ்ட் வரவேண்டிய இடத்தில் ஒரு ஜெனரேட்டர், அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகக் கொடுக்கிற சமாச்சாரம், வந்து உட்கார்ந்திருந்தது. ஈல்ட் எந்த ஃபங்ஷனில் இருக்கிறதோ அதுதானே ஜெனரேட்டராகும். ஜெனரேட்டராக இருக்கவேண்டிய வெளி ஃபங்ஷனோ சாதாரண ஃபங்ஷனாகிவிட்டது.

காரணம் உனக்குப் பிடிக்கும். லூப்பின் மாறி (வேரியபிள்) வெளியே கசியக்கூடாது என்று பைத்தான் 3 கம்பைலர், 3.11 வரை, காம்ப்ரிஹென்ஷனை ஒரு மறைமுக ஃபங்ஷனாக மாற்றிவிடும். நாம் எழுதின ஈல்ட் அந்த உள் ஃபங்ஷனுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அதையே 3.6-ல் வட்ட அடைப்புக்குறிக்குள் (அதற்கு ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் என்று பேர்), ரேஞ்ச் 2, அதாவது 0, 1 கொடுத்து ஓட்டிப்பார்: 0, நன் (None, ஒன்றுமில்லை என்கிற மதிப்பு), 1, நன் என்று வரும். நம் ஈல்ட் 0-ஐக் கொடுக்கிறது. அதற்குத் திரும்பி வந்த நன்-ஐ ஜெனரேட்டர் தன் பங்குக்கு ஒருமுறை வெளியே தள்ளுகிறது. நல்ல கூத்து.

இந்தப் புகார் பைத்தானின் பிழைப் பட்டியலில் 2010-லேயே பதிவாகிவிட்டது, எண் 10544. 2018-ல் வந்த 3.7 எச்சரித்தது, 2019-ல் 3.8 சின்டாக்ஸ் எரர் என்று கதவைச் சாத்திவிட்டது. முதல் ஃபாருக்கான இட்டரபிளில் (லூப் எதன்மேல் ஓடுகிறதோ அதில்) மட்டும் ஈல்ட் இன்றும் செல்லும், அது வெளி ஃபங்ஷனிலேயே கணக்கிடப்படுவதால்.

"சரிபண்ணாமல் தடை போடுவதா தீர்வு?" என்று சண்டைக்கு வருவாய். வா. 2023-ல் 3.12 வேகத்துக்காக லிஸ்ட், டிக்ஷனரி, செட் மூன்றிலும் அந்த மறைமுக ஃபங்ஷனையே எடுத்துவிட்டது. இருந்தும் தடை நீங்கவில்லை, நீங்கவும் கூடாது. ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷனுக்கு இன்னும் உள் ஃபங்ஷன்தான். சதுர அடைப்பில் ஒரு அர்த்தம், வட்டத்தில் வேறு அர்த்தம் என்றால் படிக்கிறவன் கதி என்னடா? புகார் வந்தும் எட்டு வருஷம் வாய்மூடி இருந்ததைத்தான் நான் குறைசொல்வேன்.

எல்லாவற்றையும் பிரித்துச் சாதா ஃபார் லூப்பாக எழுதிவிட்டேன். நாலு வரி கூடுதல், போகட்டும். டொர்னாடோ என்கிற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கில் நீ எழுதின பழைய கோட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு, தேடிப்பார். அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்க வருகிறேன். ஊரில் இருப்பாயா என்று எழுது.

அன்புடன்,
உன் அறைத்தோழன்