சோலைவரிப் பணத்தின் கணக்கைப் பகிரங்கப்படுத்தக் கோரும் மனு

உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நாங்கள் வலிகாமத்திலுள்ள ஒரு பிரதேச சபை எல்லைக்குள் வசிக்கும் ஒழுங்கைவாசிகள். வீட்டுக்கும் காணிக்கும் சபை அறவிடும் சோலைவரியில் நிலுவை வைப்பது எங்கள் வழக்கமல்ல. முழு வருடத்துக்குமான வரியை ஜனவரி 31 இற்குள் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு என்பதால், பொங்கல் செலவோடு செலவாக அதையும் கட்டிவிடுவோம். கட்டின காசு எதற்குப் போகிறது என்பதுதான் விளங்கவில்லை.

கடந்த மாரிக்கு முன்னர் எங்கள் ஒழுங்கைக்குக் கிறவல் போட்டு உயர்த்தினார்கள். சந்தோசம். ஆனால் வாய்க்கால் வெட்டவில்லை. முன்பு ஒழுங்கையில் நின்ற வெள்ளம் இப்போது படலை தாண்டி முற்றத்துக்கு வருகிறது. பதிந்த காணிகளில் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் கிணறு கெட்டால் குடிக்க எங்கே போவது? சந்தியில் நட்ட பலகையில் திட்டத்தின் பெயர் பெரிதாக இருக்கிறது, ஆரம்பித்து வைத்தவரின் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. "மதிப்பீட்டுத் தொகை ரூபா" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் வெறும் இடம்.

சபைக்குச் சோலைவரி மட்டுமா வருகிறது? சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை என்று பல வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டுக் காசில் காணி விலை ஏறிக்கிடக்கும் இந்த ஊரில் முத்திரைத் தீர்வை சின்னத் தொகையாக இருக்காது. மாகாணத்தின் ஊடாக அது சபைக்குச் சேர வேண்டியது. (2024 ஜனவரி தொடக்கம் 18 வீதமாகிவிட்ட வற் வரியையும் கடைக்குக் கடை கட்டுகிறோம். அது கொழும்புக்குப் போகும் காசு, அதற்காக உங்களிடம் வரவில்லை.)

கணக்காய்வாளர் தலைமையதிபதி கணக்கைப் பார்க்கிறார்தானே என்று சபையில் சொல்கிறார்கள். சரி, பார்க்கட்டும். பற்றுச்சீட்டும் தொகையும் ஒத்துப்போனால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் வாய்க்கால் இல்லாமல் ஒழுங்கையை உயர்த்தலாமா என்பதை இங்கே குடியிருக்கிற சனத்திடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

ஆகவே, வட்டாரம் வட்டாரமாகச் சோலைவரியில் எவ்வளவு சேர்ந்தது, எந்த வேலைக்கு எவ்வளவு போனது, ஒப்பந்தம் யாருக்கு என்பதைத் தமிழில் எழுதிச் சபை அறிவித்தல் பலகையிலும் சனசமூக நிலையங்களிலும் ஒட்டும்படி பணிப்புரை வழங்க வேண்டுகிறோம். அடுத்த பாதீடு சபைக்கு வருவதற்கு முன்னர் வட்டாரக் கூட்டம் ஒன்றையும் வைக்கச் சொல்லுங்கள். பின்னேரம் வைத்தால் தோட்டத்துக்குப் போகிறவர்களும் வருவார்கள். எங்கள் ஒழுங்கை வாய்க்காலை மட்டும் அதுவரை தள்ளிப்போடாமல் ஐப்பசி மழைக்கு முன் வெட்டித் தர வேண்டும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்தக் கணக்கை விண்ணப்பித்துக் கேட்கலாம் என்பது தெரியும். கேட்டால்தான் தருவோம் என்ற நிலை வேண்டாம் என்பதற்காகவே முதலில் தங்களிடம் வந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒழுங்கைவாசிகள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், சோலைவரிப் பற்றுச்சீட்டுப் பிரதிகள்
பிரதி: பிரதேச சபைத் தவிசாளர், கிராம அலுவலர்