புரோப் முனையில் 4 மில்லிமீட்டர்

அன்புள்ள நண்பா,

நலமா? நீ போன் செய்தபோது முதுநகரில் ஓர் ஐஸ் ஃபேக்டரி பேனலைத் திறந்து வைத்திருந்தேன், நிதானமாகப் பேச முடியவில்லை. மகன் ஐடிஐ முடித்து உன்னோடு வேலைக்கு வருகிறான் என்றாயே, மனசு நிறைந்துவிட்டது. அவனுக்கு ஒரு ஜோடி டெஸ்ட் லீட் அனுப்பியிருக்கிறேன், மல்டிமீட்டரில் செருகி, முனையிலுள்ள புரோப்பால் தொட்டு வோல்டேஜ் பார்க்கும் வயர்தான். விலை கூடத்தான். ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அதே பேனலில் என் ஹெல்பர் பையன் இரண்டு பேஸுக்கு நடுவே வோல்டேஜ் பார்த்தான். உப்புக்காற்றில் இங்கே டெர்மினலெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். முனை சரியாகப் படவில்லையென்று அழுத்தியிருக்கிறான், வழுக்கிவிட்டது. புரோப்பில் வெளியே நீட்டியிருந்த உலோகம் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். ஒரே முனை பக்கத்து பேஸையும் சேர்த்துத் தொட்டுவிட்டது. பளீரென்று ஒரு வெடிப்பு. முனை உருகி, அவன் புறங்கை வெந்துபோனது. கண் தப்பியது. அந்த லீடைக் கொடுத்தவன் நான்தான். இன்னும் அந்த உறுத்தல் போகவில்லை.

பிளக் பாயிண்டில் பார்க்க நீள முனை வேண்டும், அதனால் கேட் 2 (கேட் என்பது அளக்கும் இடத்தின் ஆபத்தைக் காட்டும் வகை எண்) லீடில் 19 மி.மீ. வரை விடுகிறார்கள். ஆனால் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு கேட் 3, சர்வீஸ் லைன் வந்து சேரும் ஈபி மீட்டர் பக்கம் கேட் 4. ஷார்ட் ஆனால் அங்கே பாயும் கரண்டே வேறு. அதனால்தான் ஐஇசி 61010-031 என்ற சர்வதேசத் தரம் அந்த இடங்களுக்கு 4 மி.மீ.க்கு மேல் உலோகம் தெரியக் கூடாது என்கிறது. பிரிட்டனின் ஜிஎஸ்38 வழிகாட்டியும் அதே 4தான் சொல்கிறது, 2 ஆக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது.

இந்த லீடின் முனையில், 4 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி மூடும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். பிளக் பாயிண்டுக்காகக் கழற்றிவிட்டு, அப்படியே போர்டுக்குப் போய்விடுவான் பையன். தொப்பி இல்லையென்றால் அது கேட் 2 லீட்தான். மீட்டர் எவ்வளவு உசத்தியானாலும் சரி, மீட்டர், லீட் இரண்டில் எதன் கேட் எண் குறைவோ அதுதான் கணக்கு. இதை மட்டும் அவனுக்கு நன்றாகப் புரியவை.

அப்புறம், மீட்டருக்குள் ஃபியூஸ் போனால் கடையில் கிடைக்கும் கண்ணாடி ஃபியூஸைப் போட விடாதே. மீட்டரில் அச்சடித்திருக்கும் அதே ரேட்டிங்கில் வாங்கு.

2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு ராப்பகலாக நாம் வேலை பார்த்தோமே, நினைவிருக்கிறதா? லைன் செத்துவிட்டது என்று சொல்லும் முன், மீட்டர் வேலை செய்கிறதா என்று அதைக் கரண்ட் இருக்கும் இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பாய், பார்த்துமுடித்து மறுபடியும் அங்கேயே வைப்பாய். அந்தப் பழக்கம் உன்னிடமிருந்துதான் எனக்கு வந்தது. மகனுக்கும் அதைக் கொடு.

உன் பழைய சிவப்பு கறுப்பு லீடை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கடலூர் வரும்போது எடுத்து வா, நானே வெட்டிப் போடுகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ஐடிஐ பெஞ்சுத் தோழன்