யூனிட் கணக்கு

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா, பேஷ்! இங்கே எல்லோரும் நலம். கமலாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'கரண்ட் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு நல்லா வாழுற நாடு' என்று ஹூஸ்டனில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுதியிருக்கிறாய். பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

கீழ்ப்படியில் நீ சொல்வது முழுக்கச் சரி. ஆளுக்கு வருடம் 100, 200 யூனிட்கூடத் தேறாத நாட்டில் பிரசவ வார்டில் விளக்குக்கு உத்தரவாதம் கிடையாது. தடுப்பூசி வைக்க ஃப்ரிட்ஜ் ஓடாது. அங்கே கூடுகிற ஒவ்வொரு யூனிட்டும் உயிர் காக்கும். ஆலன் பாஸ்டர்நாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2000-ல் 60 நாடுகளின் மின்நுகர்வையும் ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து ஐ.நா. போடும் மனித மேம்பாட்டுக் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆளுக்கு வருடம் 4,000 யூனிட் வரை குறியீட்டின் கோடு மளமளவென்று ஏறுகிறது. அதற்கு மேல் படுத்துவிடுகிறது.

உங்கள் அமெரிக்காவில் ஆளுக்கு 12,000 யூனிட்டுக்கு மேல். கோஸ்டா ரிகாவில் அதில் கால்வாசிகூட இல்லை. ஆயுட்காலத்தில் அவர்கள் அமெரிக்கர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. பொது மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் பணம் போட்ட நாடு அது. ஐஸ்லாந்தில் 50,000-ஐத் தொடுகிறது. அதில் பெரும்பகுதியை அலுமினிய ஆலைகள் விழுங்கிவிடுகின்றன, வீட்டுக்காரன் என்ன செய்வான்! தேசிய சராசரி என்பதில் ஆலை, ஏசி, குடிசை பல்பு எல்லாம் ஒரே கணக்கில் விழுந்துவிடும்.

இந்தியாவில் நாம் 2023-24-ல் 1,400-ஐ ஒட்டித்தான் நின்றோம். ஏறவேண்டிய மேடு இன்னும் நிறைய. அதனால் நம்மைப் பார்த்து 'சிக்கனமாக இருங்கள்' என்று உபதேசிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் கூடுகிற யூனிட் எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்கவேண்டும். நம் தமிழ்நாட்டில் 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த 100-தான் விளக்கு, மின்விசிறி, பிள்ளையின் படிப்பு. திட்டம் நல்லதுதான். பங்களாக்காரருக்கும் அதே 100 ஏன் என்பதுதான் புரியவில்லை.

அப்புறம், உன் டெக்சாஸையே பாரேன். 2021 பிப்ரவரி பனிப்புயலில் வீடும் கடையுமாக 45 லட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் போனது. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள், நிறையப் பேர் குளிரில் விறைத்து. இத்தனை ஆயிரம் யூனிட் எரிக்கிற ஊரில், எரிவாயுக் குழாய்களும் மின்நிலையங்களும் உறைபனிக்குத் தயாராக இல்லை. வெளி மாநிலங்களிலிருந்து வேண்டிய அளவு இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, டெக்சாஸின் கிரிட், அதாவது மின் வலையமைப்பு, தனி அல்லவா! ஆளுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

உன் மகள் வீட்டு ஆகஸ்ட் பில்லில் எத்தனை யூனிட் என்று பார்த்து எழுது. எங்கள் வீட்டு அட்டையோடு ஒப்பிட வேண்டும் என்று கமலாவுக்கு ஆசை.

அன்புடன்,
சீனு