தம்பிக்கு, கீற்று விஷயமாக

தம்பி,

பொள்ளாச்சியில் கூரை வேய ஆள் கிடைக்காமலா என்னைக் கேட்கிறாய்? சரி, கேட்டாய், சொல்கிறேன்.

முற்றின தென்னை மட்டையாகப் பார்த்து எடு. மூன்று நாள் தண்ணீரில் ஊற வேண்டும். ஊறாத ஓலை மடக்கும்போதே ஒடியும். இங்கே உப்பங்கழியில் போடுவோம், கரையான் சீக்கிரம் அண்டாது. அங்கே தொட்டிதான், பரவாயில்லை. நுனியிலிருந்து அடி வரை மட்டையை நடுவில் பிள. பாதியைத் தரையில் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டு, ஒரு ஓலை விட்டு ஒரு ஓலையைப் பின்னுக்கு மடக்கி, மேலொன்று கீழொன்றாகக் கோத்துப் போ. கடைசி நுனிகளைச் சடை மாதிரிப் பின்னி முடிச்சுப் போடு. உன் கைக்கு இது வரும், சின்ன வயதிலேயே வந்தது. வெயிலில் காயவிடாமல் அடுக்கினால் பூசணம் பிடிக்கும். ஊறப் போடாமல் மட்டும் முடையாதே.

எட்டுக்கு எட்டு என்றால் அறுபது கீற்று, முகட்டுக்குத் தனியாகப் பத்து. எட்டடியில் மூன்று பேர் எப்படிப் படுப்பீர்கள்?

சவுக்குக் கால் இரண்டரை அடி மண்ணுக்குள் போகட்டும், புதையும் பாகத்துக்குத் தார் பூசு. அகலத்தில் பாதி நாலடி, முகடும் நாலடி உயரணும். சரிவு குறைந்தால் தண்ணீர் நின்று ஒரே மழைக்காலத்தில் மக்கும். கீழிருந்து மேலே வேய், ஒவ்வொரு வரிசையிலும் முக்கால் அடிதான் வெளியே தெரியலாம். தாழ்வாரத்தைத் தாழ இறக்கு. 2011 டிசம்பர் 30, தானே புயல் வந்த அன்றைக்கு நீ இங்கேதான் இருந்தாய்; காற்று எந்தப் பக்கம் புகுந்து கூரையைத் தூக்கும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்தில் பழைய வலையைப் போர்த்திக் கல் கட்டுவார்களே, அதையும் செய். உள்ளே அடுப்பு வேண்டாம்.

நல்ல வேலையிலிருக்கும் பிள்ளை தன் கையாலேயே குடிசை கட்டுகிறான் என்று உன் பெரியப்பாவுக்குப் பெருமை. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. லீவு எத்தனை நாள் என்று கேட்கிறார்.

கலா போன் எடுப்பதில்லை. பாப்பாவுக்குப் பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறேன். நீயும் பேசினால் மட்டை, கயிறு என்றே பேசுகிறாய். மட்டையை ஊறப்போடு, அவசரப்படாதே.

பத்துக்குப் பன்னிரண்டாகக் கட்டு. நூறு கீற்று ஆகும், வேறொன்றுமில்லை. அளவு முடிவானதும் எழுது, தென்னை நார்க் கயிறு இங்கிருந்தே பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

அம்மா