ஹேஸ்ப்ரோ கரவனிலையிருந்து தம்பிக்கு

தம்பி,

வட்ஸ்அப்பிலை போட்டால் ரெண்டு ரிக் விழுது, நீலமாகுதில்லை, அதான் ஈமெயில் எழுதுறன். நீ பிஸியா இருப்பாய், தெரியும். உடனை பதில் போடவேணும் எண்டில்லை. நானும் அம்மாவும் நோர்ஃபோக்கிலை நிக்கிறம், அதே ஹேஸ்ப்ரோவிலை, கரவனிலை. எழுதுறது ஹப்பிஸ்பேர்க், வாய் சொல்லுறது ஹேஸ்ப்ரோ, பத்து வயசிலை நீ எனக்கு எத்தினை தரம் திருத்தினனீ, இப்ப வடிவாச் சொல்லுறன், ரிசப்ஷனிலை நிண்ட பிள்ளை ஒருக்கா கூட திருப்பிக் கேக்கேல்லை.

ஒக்ரோபர் கடைசி எண்டபடியால் சனமே இல்லை. இன்னும் கொஞ்ச நாளிலை எல்லாக் கரவனிலையும் தண்ணியை இறக்கிப்போட்டுப் பூட்டிவிடுவினமாம், பைப்பிலை தண்ணி நிண்டால் குளிருக்கு உறைஞ்சு வெடிச்சிடும். எங்கடை வரிசையிலை மூண்டிலைதான் லைற் எரியுது. ராவிலை கடல் சத்தமும் வெளிச்சவீட்டு வெளிச்சமும் மட்டும்தான். அம்மா வந்து இறங்கினவுடனை சிங்க் உரஞ்சத் தொடங்கிட்டா, அது ஏற்கனவே பளபள எண்டுதான் இருந்தது, உனக்குத் தெரியும்தானே. கார் நான்தான் ஓடினனான். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு இவ்வளவு தூரம் ஓடினது இதுதான் முதல். ஒப்பரேஷன் நல்லா நடந்தது, நீ கேக்கேல்லை, நானாச் சொல்லுறன்.

முதல் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சத்தம். கீச் எண்டு ஒருக்கா, பிறகு ஒண்டுமில்லை, கண்ணை மூடினால் திரும்பக் கீச். அம்மா குருவி எண்டா, நான் எலி எண்டன், கடைசியிலை பாத்தால் அலுமாரிக்கு மேலை இருக்கிற காபன் மொனொக்சைட் அலாரம், பற்றரி முடியுது. காலமை கரவன் பார்க் மனுசன் வந்து மாத்தித் தந்திட்டு ஒரு கால் மணித்தியாலம் நிண்டு எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த வாயுவுக்கு மணமுமில்லை நிறமுமில்லையாம், காஸ் சரியா எரியாட்டில், காத்துப் போக்குவரத்து இல்லாட்டில் வருமாம், ஆள் நித்திரையிலையே போயிடுமாம். அலாரத்துக்கும் ஆயுள் இருக்கு தம்பி, ஏழு வருஷம் பத்து வருஷம், அதுக்குப் பிறகு பற்றரி புதுசு எண்டாலும் உள்ளுக்கிருக்கிற சென்சர் செத்துப்போகும். பட்டனை அமத்தினால் கத்தும்தான், அது சத்தம் வேலைசெய்யுது எண்டதைத்தான் காட்டுமாம், சென்சர் உயிரோடை இருக்கு எண்டதை இல்லையாம். உன்ர வீட்டிலை ஒண்டு இருக்கோ? பொயிலர் இருக்கிற அறையிலை இருக்கோ? வாடகை வீடு எண்டாலும் நீதான் பாக்கவேணும், வீட்டுக்காரன் பாப்பான் எண்டு இருக்காதை.

வீடு எண்டதும்தான் ஞாபகம் வருது, அம்மா வறுத்து அனுப்பின தூள் பார்சல் திரும்பி வந்திட்டுது. இந்த அட்ரஸிலை ஆள் இல்லை எண்டு எழுதிக்கிடந்தது. தபால்காரங்கள் இப்ப ஒழுங்கா வேலை செய்யிறாங்கள் இல்லை எண்டு அம்மாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். தூள் பழுதாகேல்லை, பிறீசரிலை இருக்கு.

ரெண்டாம் நாள் குறோமர் போனனாங்கள். பியரிலை, கடலுக்குள்ளை நீண்டு போற அந்தப் பாலத்திலை, கடைசி மட்டும் நடந்தம், 1901இலை திறந்ததாம், நுனியிலை ஒரு தியேட்டரும் அதுக்குப் பின்னாலை, கடலிலை மாட்டினவையைக் காப்பாத்தப் போற லைஃப்போட் ஸ்ரேஷனும். ஹென்றி புளொக் எண்டு ஒருத்தர், சின்ன வயசிலையே பள்ளிக்கூடத்தை விட்டிட்டு நண்டு பிடிக்கப் போன ஆள், 53 வருஷம் லைஃப்போட்டிலை இருந்து 873 பேரைக் காப்பாத்த நிண்டவர், மூண்டு தங்கப் பதக்கம், கடலைப் பாத்தபடி சிலை வைச்சிருக்கினம். இதை ஏன் உனக்கு எழுதுறன் எண்டு தெரியேல்லை. சும்மா. அம்மா நாலு நண்டு வாங்கினா, அவிச்சுத்தான் விக்கிறாங்கள், உயிர்நண்டு இல்லை எண்டு அவவுக்குச் சரியான கவலை, எண்டாலும் கரவனிலை குழம்பு வைச்சா, யன்னல் எல்லாம் திறந்து விட்டும் மணம் மூண்டு நாளாப் போகேல்லை. உன்ர பங்கு எண்டு ஒரு காலை எடுத்து வைச்சிட்டுப் பிறகு தானே சாப்பிட்டா.

வேலை எப்பிடி எண்டு நான் கேக்கேல்லை. போன மாசம் பெரியம்மாவின்ர மருமகன் லீட்ஸ் வந்தவராம், செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு ரவுண்டே பார்க் குளத்தடியிலை உன்னைக் கண்டவராம், தாடி விட்டிருக்கிறாய் எண்டார். லீவு எடுத்திருப்பான் எண்டு நான் சொல்லிட்டன். லீவு எடுக்கிறது நல்லது. நீ லீவே எடுக்காத பிள்ளை. சாட்டட் அக்கவுண்டன்ட் சோதினை எல்லாம் முதல் தரத்திலையே பாஸ் பண்ணின பிள்ளை, அதை நான் இப்பவும் ஆக்களுக்குச் சொல்லுறனான், ஆனா ஒரு ஃபோன் எடுக்க ரெண்டு நிமிசம்தானே தம்பி, அம்மா ராவிலை ஃபோனைத் தலாணிக்குக் கீழை வைச்சுக்கொண்டு படுக்கிறா. சரி விடு. ஜக்கற் மொத்தமா இருக்கோ? லீட்ஸ் லண்டனைவிடக் குளிர்.

ஹேஸ்ப்ரோவைப் பற்றிச் சொல்லவேணும். வெளிச்சவீடு அப்பிடியே இருக்கு, வெள்ளையிலை மூண்டு சிவப்புப் பட்டி, 1790இலை கட்டினது, மூடப்போகினம் எண்டு வந்த நேரம் ஊர்ச்சனம் விடேல்லை, 1990இலையிருந்து அவையள்தான் நடத்தினம். ஆனா கரையைக் காணேல்லை. 2006இலை நாங்கள் இருந்த வரிசை ஞாபகமோ, கடலுக்குப் பக்கத்திலை, கதவைத் திறந்தால் புல், புல்லுக்கங்காலை வேலி, அதுக்கங்காலை பள்ளம்? அந்த வரிசையே இப்ப இல்லை. மண் கடலுக்கை விழுந்திட்டுது, கரவன்களை எல்லாம் பின்னுக்கு இழுத்து வேறை காணியிலை வைச்சிருக்கினம். எங்கடை கரவன் நிண்டது எவடம் எண்டு அம்மாவுக்குக் கையைக் காட்டப் பாத்தன், கை வெறும் காத்தைத்தான் காட்டிச்சுது.

2013இலை கீழை அந்தக் கடற்கரைச் சேத்திலைதான் பழைய காலடித் தடங்களைக் கண்டவை. எட்டு லட்சம் வருஷத்துக்கும் மேலை பழசு, ஆபிரிக்காவுக்கு வெளியிலை அதுவரைக்கும் கண்டதிலை ஆகப் பழசு. பெரிய ஆக்களும் பிள்ளையளும் சேந்து நடந்த தடம், அதிலை ஆக உயரமான ஆள் ஒரு மீற்றர் எழுபத்திமூண்டு இருக்கலாமாம், கிட்டத்தட்ட நான். படம் எடுத்து அளக்க அளக்கவே கடல் வந்து வந்து கழுவி, ரெண்டு கிழமைக்குள்ளை ஒண்டுமில்லாமல் போட்டுது. இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்? நீ 2014இலை லிங்க் அனுப்பினனீ. ஏ லெவல் நேரம். அப்பா நாங்கள் போன இடம் பாருங்கோ எண்டு எழுதி, கீழை ஆர்க்கியோலொஜி படிக்கலாமோ எண்டும் கேட்டிருந்தாய். நான் என்ன பதில் போட்டனான் எண்டு நேற்று பழைய ஈமெயிலைத் தேடிப் பாத்தன். மட்ஸ் ரிவிஷன் முடிஞ்சுதோ எண்டு ஒரு வரி.

முந்தநாள் சீல், அந்தக் கடல்நாய், பாக்கப் போட்டிலை போனனாங்கள். மோஸ்ரன் கீயிலை ஏறி பிளேக்னி பொயின்ற் வரைக்கும், தண்ணி ஏறிற நேரம் பாத்துத்தான் விடுவினம். 2001இலை அங்கை 25 குட்டிதானாம், இப்ப ஒவ்வொரு மாரிக்கும் ஆயிரக்கணக்கிலை பிறக்குது, இங்கிலாந்திலையே பெரிய கூட்டம் அதுதான். நாங்கள் போனது தொடக்க நேரம், கொஞ்சக் குட்டிதான், வெள்ளைப் பஞ்சு மாதிரி மணலிலை கிடந்தது. குட்டி போடுற காலத்திலை ஆக்களை இறங்க விடமாட்டினம், போட்டிலை இருந்தபடி பாக்கிறதுதான். தாய் ரெண்டு மூண்டு கிழமை தான் ஒண்டும் தின்னாமல் பால் குடுக்கும், பிறகு குட்டியை மணலிலையே விட்டிட்டுக் கடலுக்குப் போயிடும் எண்டு போட்காரன் சொன்னான். அம்மாவுக்குச் சரியான கோவம். என்ன தாய் எண்டு தமிழிலை சீலைப் பேசினா. பிறகு என்ர பக்கம் திரும்பி, 2006இலை வந்த அண்டைக்குத் தம்பிக்குக் குடுத்து வைக்கேல்லை, பாவம், காசும் சேத்துக்கொண்டு வந்த பிள்ளை, காத்தெண்டு போட் ஓடேல்லை எண்டா.

நான் பேசாமல் இருந்தன்.

தம்பி, அண்டைக்குப் போட் ஓடினது.

நான் மழைக்குள்ளை ரிசப்ஷனுக்குப் போய்க் கேட்டனான். பதினொண்டரைக்கு இருக்கு, இடமும் இருக்கு எண்டினம். திரும்பி வந்து கடல் சரியில்லையாம், போட் இல்லையாம் எண்டு உனக்குச் சொன்னன். கிராமர் ஸ்கூல் சோதினைக்கு ஒரு மாசம்தான் இருந்தது, ரெண்டு பேப்பர் பின்னுக்கு நிண்டாய், அவ்வளவுதான் காரணம். நீ அழேல்லை. ஜாம் போத்தில் காசை எடுத்துத் திரும்ப பாய்க்குக்கை வைச்சனீ. அம்மாவையும் அக்காவையும் நடக்க அனுப்பிப்போட்டு உன்னை மேசையிலை இருத்தினன். பெற்றோல் ஸ்ரேஷனிலை எனக்கு வருஷத்திலை ஒரு கிழமைதான் உங்களோடை இருக்க லீவு, அந்தக் கிழமையை நான் சிவப்புப் பேனையோடை கழிச்சன்.

அதுகூட இல்லை நான் எழுத வெளிக்கிட்டது. இந்தக் கரவனிலை கதவுக்குப் பின்னாலை ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு, அலாரம் கத்தின அண்டைக்குத்தான் வாசிச்சனான். நிலத்திலை இருக்கிற காத்து ஓட்டையளை ஒருக்காலும் அடைக்கவேண்டாம் எண்டு போட்டிருக்கு. அதுக்குக் கீழை, தலையிடி, தலைச்சுத்து, சத்தி வாற மாதிரி, வெளியிலை போனால் சுகமாகுதெண்டால் உடனை கவனிக்கவும் எண்டிருக்கு. அதை வாசிச்சிட்டு நான் அப்பிடியே படியிலை இருந்திட்டன்.

அண்டைக்கு அந்த ஓட்டையாலை காலுக்குக் குளிர்காத்து அடிக்குது எண்டு ரவலை மடிச்சு அடைச்சது நான். காஸ் ஹீற்றரைக் கூட்டிவிட்டதும் நான். நீ தலையிடிக்குது அப்பா எண்டு மூண்டு தரம் சொன்னனீ. பேப்பரைக் கண்டால் உனக்குத் தலையிடி வரும் எண்டன். நாலு மணிக்கு அம்மா வந்து கதவைத் திறந்தோடனை நீ வெளியிலை ஓடினாய், அரை மணித்தியாலத்திலை அக்காவோடை புல்லிலை ஓடிப்பிடிச்சு விளையாடினாய். அதைக் காட்டித்தான் அம்மாவுக்குச் சொன்னன், பாத்தியே நடிப்பை எண்டு.

பிறகு எத்தினை வருஷம் அதைப் பகிடியாச் சொன்னன். தம்பியின்ர தலையிடி எண்டால் எங்கடை சொந்தம் முழுக்கத் தெரியும். உன்ர இருபத்தோராம் பிறந்தநாளுக்கு மைக்கிலையும் சொன்னன். நீயும் சிரிச்சனீ.

காஸ்தானோ எனக்குத் தெரியாது. அப்ப அந்தக் கரவனிலை அலாரம் இருந்ததோ எண்டே நான் பாக்கேல்லை. பேப்பரைப் பாத்துப் பாத்து வந்த தலையிடியாயும் இருக்கலாம். எதெண்டாலும் நீ நடிக்கேல்லை. அது எனக்கு இப்பதான் தெரியுது, பத்தொன்பது வருஷம் பிந்தி.

அம்மாவுக்கு நேற்று ராத்திரி சொன்னன், போட்டையும், ரவலையும். அவ ஒண்டும் பேசேல்லை, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா. காலமை தேத்தண்ணி ஊத்தித் தந்தா, சீனி போடேல்லை. இப்ப வெளியிலை உடுப்பு உதறிக்கொண்டு நிக்கிறா, ஆருக்கு எழுதுறியள் எண்டு கேட்டா, சொன்னன், சாப்பிட்டானோ எண்டு கேள் எண்டா. சாப்பிட்டனியோ?

அக்காவின்ர சின்னவளுக்குப் பல்லு முளைச்சிட்டுது. பக்கத்து வீட்டு மரத்தை வெட்டிட்டினம். வேறை புதினம் ஒண்டுமில்லை.

நான் லண்டன் போனோடனை ஒரு அலாரம் வாங்கப்போறன், நல்ல ஒண்டு, பத்து வருஷம் போறது. எங்கை அனுப்புறது எண்டதை நீ ஆறுதலாச் சொல்லு, இப்ப சொல்லவேணும் எண்டில்லை. அதுவரைக்கும் யன்னலைக் கொஞ்சம் திறந்து வை. காத்து ஓட்டையிலை ஒண்டையும் அடைக்காதை, எவ்வளவு குளிர் எண்டாலும். ஒரு அறைக்குள்ளை இருக்க உனக்குத் தலையிடிச்சால் முதல் வெளியிலை வந்திடு, அலாரம் கத்தேல்லையே எண்டு பாத்துக்கொண்டு இருக்காதை. உள்ளுக்கு என்ன விட்டிட்டு வந்தாய் எண்டு நான் கேக்கமாட்டன்.

இப்ப நீ இருக்கிற இடத்திலை ஏற்கனவே ஒரு அலாரம் இருந்தால் கழட்டிப் பின்பக்கம் பார், மாத்தவேண்டிய திகதி அடிச்சிருக்கும். அந்தத் திகதியை மட்டும் எழுதி அனுப்பு, வேறை ஒண்டும் எழுதத் தேவையில்லை.

அப்பா