மீன்பிடிக் கட்டணம் ஆற்றுக்கும் ஆமைக்கும் திரும்பட்டும்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். படகுப் பதிவு, உரிமம், விதியை மீறினால் அபராதம் என்று எங்கள் படகுகளிடம் பணம் வாங்குகிறீர்கள். வாங்குங்கள், கடலில் எடுப்பவர் கடலுக்குக் கொடுப்பது நியாயம்தான். அந்தப் பணம் இந்தக் கடலுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் திரும்பி வரவேண்டும், அதற்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அமெரிக்காவில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். 1934 முதல் வாத்து வேட்டைக்குப் போகிறவர் தபால்தலை மாதிரி ஒரு வில்லை வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கிறார்கள். 1937இல் துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் 1950இல் தூண்டில் சாமான் மீதான வரியும் இப்படி ஒதுக்கப்பட்டன. வேட்டை, மீன்பிடி உரிமப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அந்த வரியில் பங்கு கிடையாது. இந்த ஒரு நிபந்தனைதான் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். மீன்பிடிப் பணத்துக்கு அந்த நிபந்தனையைக் கொண்டுவரலாமே.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், இழுவலைக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். வலையின் கழுத்தில் கம்பிச் சட்டமும் ஒரு திறப்பும் வைத்தால் ஆமை வெளியேறிவிடும், இறால் பின்னால் போய்ச் சேரும். கூடவே கொஞ்சம் மீனும் போய்விடுமே என்று விசைப்படகுக்காரர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைச் சட்டம் மட்டும் போக்காது. உரிமப் பணத்திலிருந்தே கருவியைக் கொடுங்கள், முதல் பருவத்து இழப்பையும் ஈடுகட்டுங்கள். இந்தக் கருவி இல்லை என்றுதான் 2019இல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்காமல் நிறுத்தியது.

அப்புறம் எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலையாறு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த காக்கா ஆழி என்ற சிப்பி அங்கே சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கிறது. இறால் புதைய இடமில்லை, மஞ்சள் மட்டி வளர வழியில்லை. பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் விரல்களை அதன் ஓடு கிழிக்கிறது. அதை அள்ளி அப்புறப்படுத்தவும் அலையாத்தி நடவும் அந்த ஆற்றங்கரைக் குப்பத்து ஆட்களையே கூலிக்கு வையுங்கள். ஆறு எங்கே ஆழம், எங்கே தூர்ந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்காகக் கட்டுமரம், ஃபைபர் படகுகளின் கட்டணத்தை ஏற்றிவிடாதீர்கள். ஆற்றைத் தூர்த்தது மீனவர் வலை இல்லை, அனல்மின் சாம்பல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்ததும் எங்கள் படகிலிருந்து இல்லை. சாம்பலும் எண்ணெயும் விட்டவர்களிடம் வசூலாகும் அபராதமும் இதே கணக்கில் சேரவேண்டும். பெரிய பங்கு அதுவாகத்தான் இருக்க முடியும்.

ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் காசிமேட்டில் ஒரு கூட்டம் போடுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரையும் மீன் விற்கும் பெண்களையும் கூப்பிடுங்கள். சென்ற ஆண்டு இங்கே எவ்வளவு வசூலானது, எதற்குச் செலவானது என்று எங்கள் முன்னால் வாசியுங்கள். அதில் இந்தக் கரைக்கு வந்தது எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண்